கறிக்குப் போகும் மாட்டுக்கு டாக்டரா? இந்த வேலைக்குப் போகலாமா?

வாழப்பாடிப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். கால்நடை மருத்துவம் படித்து முடித்து இப்போது இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் நாய், பூனை கிளினிக் வைக்கப் போகிறார்கள். மீதிப் பேர் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே மாடுதான். வீட்டில் எப்போதும் ரெண்டு கறவை நிற்கும்.

வெளிநாட்டில் இறைச்சி மாடுகளை மட்டுமே பார்க்கிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். மாட்டுக்கு வலியும் பயமும் குறைய வழி செய்வது, ஆன்டிபயாடிக்கைத் தேவைக்கு மட்டும் தருவது, இதையே முழு வேலையாகச் செய்கிறார்கள். படித்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "வெட்டப் போற மாட்டுக்கு என்னத்துக்குக் கண்ணு டாக்டரு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்த ஒன்று. ஒரு கலப்பினப் பசு ரெண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை என்று கூப்பிட்டார்கள். டாக்டர் ஒரு பிரசவக் கேஸில் இருந்ததால் என்னை முன்னால் போய்ப் பார்க்கச் சொன்னார். காய்ச்சல் இல்லை. மடி நன்றாக இருந்தது. மூச்சிலும் குறை இல்லை. இடது விலாவுக்குப் பின்னால் கை வைத்து அமுக்கினால் தண்ணீர்ப் பை மாதிரி தளும்பியது. சாணி இளகிப் புளித்த வாடை. விசாரித்தால், ஜவ்வரிசி மில்லிலிருந்து ஈரத் திப்பி (மாவு எடுத்த பிறகு மிஞ்சும் மரவள்ளிச் சக்கை) ஒரு லோடு இறங்கியிருக்கிறது. மாடு ஆசையாகத் தின்கிறதே என்று கூடை கூடையாக வைத்திருக்கிறார்கள். டாக்டரிடம் போனில் சொன்னேன். அவரும் மாவு அதிகமாகி வயிறு புளித்த கேஸ்தான் என்றார். அவர் சொன்னபடி ஆப்ப சோடா கரைத்துக் கொடுத்து, திப்பியை நிறுத்தி, காய்ந்த சோளத்தட்டு மட்டும் போடச் சொன்னேன். ஆன்டிபயாடிக் இதற்கு வேண்டாம் என்றேன்.

வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. "ஊசி போடாம போறதுக்கு எதுக்கும்மா இவ்ளோ தூரம் வந்தீங்க?" அன்று சாயங்காலமே யாரையோ கூப்பிட்டு ரெண்டு ஊசி போட்டிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தேன். கட்டுத்தறி காலி. சந்தையில் கொடுத்தாகிவிட்டது, வாங்கியவர் கறிக்கு வாங்குகிறவர் என்றார்கள்.

அந்த ஊசி மருந்தோடு அந்த மாடு எங்கே போனது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் செய்தது சரியா? ஊசி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


நாகலூர் காப்பிக்காடு:

பாப்பா, நான் டாக்டர் இல்லை. ஏற்காடு மலையில காப்பித் தோட்டத்துக்குள்ள நாலு மாடு வெச்சிருக்கேன். மாடு வெச்சிருக்கிறவங்க பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்லிக்கிறேங்க.

எங்க வீட்டு அலமாரியிலயும் ஊசி மருந்து பாட்டில் இருக்குது. மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லை. கீழ சேலத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரணும். மழைக்காலத்துல மரம் விழுந்தா ரோடு அன்னைக்குப் பூரா இல்லை. ராத்திரி பத்து மணிக்குக் கன்னுக்குட்டி மூச்சு வாங்கி நிக்கும்போது யாரைக் கூப்பிடுறது? போன ஐப்பசியில ரெண்டு கன்னு அப்படித்தான் சளி புடிச்சு இழுத்துச்சு. பாட்டில்ல இருந்து நானே போட்டேன். ஒண்ணு பொழச்சுது, ஒண்ணு போயிருச்சு. தப்புன்னு தெரியுது. வேற வழி சொல்லுங்க, நிறுத்திக்கிறேன்.

அந்த வீட்டுக்காரர் உன்னைப் பேசினதுக்கு வருத்தப்படாத. மாடு படுத்துட்டா வீடே படுத்த மாதிரி. அந்தப் பயத்துல பேசியிருப்பார்.


மாட்டு டாக்டரம்மா:

கண்ணு, நீ பார்த்த கேஸும் சரி, கொடுத்த வைத்தியமும் சரி. ஐந்தாம் நாள் யாரும் கூப்பிடாமல் திரும்பிப் போனாய் பார், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அது மறுநாள் காலையிலேயே நடந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் நாமக்கல்லில் படித்தவள். முதல் போஸ்டிங் ஏற்காட்டு மலை. பிறகு ஓமலூர்ப் பக்கம், மேச்சேரிப் பக்கம் என்று 27 வருடம் இந்த மாவட்டத்துக்குள்ளேயே ஓடியது. ஓய்வு பெற்று ரெண்டு வருடம் ஆகிறது. உன் அப்பா கேட்ட கேள்வியை வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் முழித்திருப்பேன். எனக்குப் பதில் கிடைத்தது ஒரு சந்தை வாசலில்.

சர்வீஸில் மூன்றாவது வருடம். ஒரு கிழட்டுப் பசு, குளம்பிடுக்கில் புண் வைத்துக் கால் வீங்கி நொண்டியது. இடது கொம்பு பாதி முறிந்த மாடு. புண்ணைக் கழுவி மருந்து வைத்துவிட்டு, பின் தொடையில் ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டேன். மறுநாளும் போட்டேன். மூன்றாம் நாள் நான் சந்தைக்குப் போக வேண்டியிருந்தது. லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற மறுத்த ஒரு மாட்டின் வாலை முறுக்கிக்கொண்டிருந்தான் ஒருத்தன். முறிந்த கொம்பைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மூன்று காலில் நின்றது. பின் தொடையில் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு வீக்கம். அது என் ஊசி போட்ட இடம்.

லாரியில் ஏற்கெனவே ஒன்பது மாடு. 1978-ல் வந்த கால்நடைப் போக்குவரத்து விதிப்படி ஒரு லாரிக்கு ஆறுக்கு மேல் ஏற்றக் கூடாது. பயணத்துக்குத் தாங்கும் என்று மருத்துவர் சான்று கொடுத்த மாட்டைத்தான் ஏற்ற வேண்டும். அதைச் சொல்லி இந்த மாட்டை இறக்க வைத்தேன். புளியமரத்து நிழலில் கட்டி வாளியில் தண்ணீர் வைத்தோம். ரெண்டு வாளி ஒரே மூச்சில் குடித்தது. காலையிலிருந்து யாரும் அதற்குத் தண்ணீர் காட்டவில்லை.

விற்றவரை வரவழைத்தேன். மகளுக்கு ஃபீஸ் கட்ட நாளைக்குக் கடைசி நாள் என்றார். அவரைக் கடிந்து பேச எனக்கு வாய் வரவில்லை. மருந்து போட்ட மாட்டை இத்தனை நாளைக்குக் கறிக்குக் கொடுக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். சொல்லவில்லை. அந்தக் காலத்தில் மருந்துப் பெட்டியிலும் இருக்காது. எத்தனை நாள் காக்க வேண்டும் என்பதை லேபிளில் அச்சடிக்க வேண்டும் என்ற விதி 2012-ல்தான் வந்தது. தனியாக நாள் குறிக்கப்படாத மருந்தென்றால் பாலுக்கு 7 நாளுக்கும் கறிக்கு 28 நாளுக்கும் குறையக் கூடாது.

இதை யோசித்துப் பார். நம் ஊரில் கறிக்கென்று யாரும் மாடு வளர்ப்பதில்லை. பால் வற்றியது, சினை நிற்காதது, உழவுக்கு ஆகாத எருது, இவைதான் கறிக்குப் போகின்றன. 1958-ஆம் வருடத்துத் தமிழ்நாட்டுச் சட்டமும் பத்து வயது தாண்டி வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாத மாட்டையோ, தீராத ஊனம் உள்ளதையோதான் அனுமதிக்கிறது. அப்படியென்றால் நம் ஊரில் கறிக்குப் போகிற மாடு பெரும்பாலும் அதற்கு முன்னால் ஏதோ ஒரு நோய்க்கு ஊசி வாங்கிய மாடு. வைத்தியம் பலிக்கவில்லை என்றதும் விற்கிறார்கள். 28 நாளை யாரும் எண்ணுவதில்லை. வலியோடு நிற்கிற மாடும் உடம்பில் மருந்தோடு நிற்கிற மாடும் ஒரே மாடுதான். அப்பாவிடம் இதைச் சொல். அந்த மாட்டுக்குக் கடைசியாகக் கை வைத்துப் பார்க்கிற டாக்டர் நாம்தான். நமக்குப் பிறகு அதை நோய் பார்க்கிற கண்ணோடு யாரும் பார்க்கப் போவதில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஊசி போட்டால் கொட்டாய்ச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவிட்டுத்தான் வண்டி ஏறுவேன். "பால் ஊற்ற: மாசி 9-க்கு மேல். விற்க: பங்குனி 1-க்கு மேல்." கறி என்ற சொல்லை எழுத மாட்டேன், வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு அந்த மாட்டைக் கறக்க முடியாது. தமிழ் மாதத்தில்தான் எழுதுவேன். பெரியவர்களுக்கு அதுதான் கணக்கு.

பாலில் ஒரு கதை சொல்கிறேன். ஒரு வீட்டில் பாட்டி, "மூணு நாளா பால் உறைய மாட்டேங்குது டாக்டரம்மா, உறைமோரை மாத்திப் பார்த்தேன், சட்டியை மாத்திப் பார்த்தேன்" என்றார். மாட்டுக்கு ஊசி போட்டீர்களா என்று கேட்டேன். ஆமாம், ஒரு காம்பில் மடி நோய். அந்தக் காம்புப் பாலைக் கீழே பீய்ச்சிவிட்டு மற்ற மூன்று காம்புப் பாலை வீட்டுக்கும் சொசைட்டிக்கும் எடுத்திருக்கிறார்கள். கழுத்திலோ தொடையிலோ போட்ட மருந்து ரத்தத்தில் கலந்து நாலு காம்பிலும்தான் இறங்கும். தயிராக்குகிற கிருமியை அது கொன்றுவிடுகிறது, எப்படி உறையும்? காய்ச்சினாலும் மருந்து முழுக்கப் போகாது. அந்தப் பாலைத்தான் பேரக்குழந்தைக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று முதல் நான் பெண்களிடம் படிப்பு வார்த்தையே பேசுவதில்லை. உறையாத பால் குழந்தைக்கு வேண்டாம் என்பேன். உடனே புரிந்துவிடும்.

போட்ட ஊசி மாட்டோடு நிற்காது என்பதற்கு நம் கண்முன்னால் ஒரு சாட்சி இருக்கிறது. டைக்ளோஃபெனாக் வலி மருந்து போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற கழுகு சிறுநீரகம் கெட்டுச் செத்தது. அப்படித்தான் இந்தியா முழுக்கப் பாறுகள் என்கிற பிணந்தின்னிக் கழுகுகள் பெரும்பாலும் அழிந்தன. 2006-ல் மாட்டுக்கு அதைத் தடை செய்தார்கள். மெலாக்சிகாம் அந்த இடத்துக்கு வந்தது, மாட்டின் வலியும் குறைகிறது, கழுகும் சாவதில்லை. அதேபோல மனிதருக்குக் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கிற கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை 2019-ல் உணவுக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள்.

இப்போது உன் கேள்வி, ஊசி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. வெறும் கையோடு சொல்லாதே. தெர்மாமீட்டரை எடுத்து அவர் கையில் கொடு. 101.5 இருந்தால் சாதாரணம், அவரே படிக்கட்டும். அவர் முஷ்டியைப் பிடித்து மாட்டின் இடது பள்ளத்தில் வை. நல்ல மாட்டுக்கு ரெண்டு நிமிஷத்தில் மூன்று தடவையாவது வயிறு உருண்டு வந்து கையைத் தள்ளும். "இன்னிக்கு ஒண்ணுமே தள்ளலை பாருங்க, நாளைக்குக் காலையில நானே வந்து பார்க்கிறேன், தள்ளுச்சுன்னா மாடு தேறுதுன்னு அர்த்தம்" என்று சொல். அவருக்கு ஏதோ ஒன்று நடக்க வேண்டும், கண்ணு. ஊசி என்பது டாக்டர் என் மாட்டைக் கைவிடவில்லை என்பதற்கு அவர் அறிந்த ஒரே அடையாளம். வேறு அடையாளத்தை நீ கொடுத்துப் பழக்க வேண்டும். மறுநாள் வருகிறேன் என்றால் மழையோ வெயிலோ வந்தே ஆக வேண்டும்.

ஒன்றை மட்டும் தப்பாகப் புரிந்துகொள்ளாதே. சப்பை நோய், தொண்டை அடைப்பான், கன்றுக்குத் தொப்புள் சீழ் பிடித்து மூட்டு வீங்குவது, இதற்கெல்லாம் ஆன்டிபயாடிக்கை அந்த நிமிஷமே, முழு அளவில், முழு நாளும் போட வேண்டும். தொண்டை அடைப்பானில் சாயங்காலம் வரை யோசித்தால் மாடு இருக்காது. மருந்தைக் குறைக்கிறேன் என்று வலியில் துடிக்கிற மாட்டை விட்டுவைப்பது பாவம். எடையையும் கண்ணால் மதிக்காதே, நாடா எடு. நெஞ்சுச் சுற்றளவு 66 அங்குலம், நீளம் 56 அங்குலம் என்றால், சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகு. 370 கிலோ வரும். அந்த மாட்டை 250 கிலோ என்று நினைத்து மருந்து போட்டால் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நோயும் தீராது, தப்பிப் பிழைத்த கிருமிக்கு அந்த மருந்தும் பழகிவிடும்.


ஆத்தூர்க்காரன் கன்சாஸில்:

தங்கச்சி, நீ கேட்கிற வேலையைத்தான் நான் செய்கிறேன். ஊர் ஆத்தூர்ப் பக்கம். இங்கே ஃபீட்லாட் என்பார்கள், ஆயிரக்கணக்கில் மாடுகளைத் திறந்த பட்டிகளில் அடைத்து, சோளம் அதிகமாகக் கொடுத்து, சில மாதத்தில் கறிக்குத் தயாராக்கும் இடம்.

உன் திப்பிக் கேஸைப் படித்ததும் திகைத்துப் போனேன். எங்கள் பட்டியிலும் அதே கதைதான் ஓடுகிறது. சோளத்தில் இருக்கிற மாவு வயிற்றில் புளித்து, வயிற்றுச் சுவர் புண்ணாகி, கிருமி ரத்தத்தின் வழியே ஈரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி வைக்கிறது. அதைத் தடுக்க டைலோசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தீவனத்திலேயே கலக்கிறார்கள். தட்டும் வைக்கோலும் கூடுதலாகப் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் கட்டி குறையும். ஆனால் மாடு கொழுக்க நாள் கூடும், செலவு கூடும். அந்த இடத்தில்தான் என் வேலை. நீ அந்த வீட்டில் திப்பியை நிறுத்தித் தட்டுப் போடச் சொன்னாயே, அதையே நான் இங்கே கணக்குப் போட்டு, முதலாளியோடு மேஜையில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

எங்களுக்குப் பெரிய எதிரி நிமோனியா. கன்றைத் தாயிடமிருந்து பிரித்த கையோடு சந்தைக்கு ஓட்டி, பல ஊர்க் கன்றுகளோடு கலந்து, மணிக்கணக்கில் லாரியில் கொண்டு வந்து இறக்கினால் பயத்திலும் களைப்பிலும் நோய் எதிர்ப்பு சரிந்துவிடும். மூக்கில் சாதுவாக இருந்த கிருமி நுரையீரலுக்கு இறங்கும். வந்து இறங்கிய கூட்டம் மொத்தத்துக்கும் ஊசி போடுவது சுலபமான வழி. வீட்டுப் பண்ணையிலேயே தாயிடமிருந்து பிரித்து, தடுப்பூசி போட்டு, தொட்டியில் தின்னப் பழக்கி, 45 நாள் கழித்து அனுப்பினால் ஊசிக்கு வேலை வெகுவாகக் குறைகிறது. மருந்தைக் குறைக்க நான் கண்ட வழி மாட்டின் பயத்தைக் குறைப்பதுதான்.

காலையில் குதிரையில் பட்டிக்குள் போவோம். மாடு நோயை மறைக்கிற ஜாதி. சிங்கம் புலிக்கு இரையாகிற பிராணி பலவீனத்தைக் காட்டினால் பிழைக்காது என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. நேராக முறைத்துக்கொண்டு போனால் சாகக் கிடக்கிற மாடும் தலையைத் தூக்கி நிற்கும். அதனால் பக்கவாட்டில், மெதுவாக, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போக வேண்டும். காது தொங்கியதா, விலா ஒட்டியதா, எல்லாம் தொட்டிக்குப் போகும்போது ஒன்று மட்டும் பின்தங்குகிறதா என்று பார்ப்போம். இதை எனக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித் தரவில்லை. ஆத்தூரில் எங்கள் தாத்தா மாடு ஓட்டும்போது செய்ததைப் பார்த்துத்தான் கற்றேன்.

டெம்பிள் கிராண்டின் என்ற அம்மையாரைப் படி. மாட்டின் கண்ணால் உலகத்தைப் பார்த்து, மாடு போகிற வழியை வளைவாகவும் பக்கம் மூடியதாகவும் அமைக்கச் சொன்னவர். தொங்குகிற சங்கிலி, தரையில் விழுகிற நிழல், சட்டென்று அடிக்கிற வெளிச்சம், இதற்கே மாடு நின்றுவிடும் என்று காட்டியவர். வெட்டும் இடத்தில் எத்தனை மாடு கத்துகிறது, எத்தனை வழுக்கி விழுகிறது என்று எண்ணி எழுதும் முறையும் அவருடையது. எண்ண ஆரம்பித்ததும் வால் முறுக்குகிற கை தானாக இறங்கியது.

சட்டமும் இங்கே இறுகி வருகிறது. மனிதருக்கு முக்கியமான ஆன்டிபயாடிக்கை வெறும் எடை கூட்டுவதற்குத் தீவனத்தில் கலப்பது அமெரிக்காவில் 2017 ஜனவரியோடு நின்றது. ஐரோப்பாவில் 2006-லேயே நின்றுவிட்டது. 2023 ஜூனிலிருந்து இங்கே அந்த வகை ஆன்டிபயாடிக் ஊசி மருந்தும் டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் கிடைக்காது. டாக்டரம்மா சொன்ன தொடை வீக்கத்துக்கும் விதி உண்டு. ஊசி எதுவானாலும் தோளுக்கு முன்னால், கழுத்தில்தான். தொடை நல்ல கறி இருக்கிற இடம், அங்கே போட்டால் உள்ளே தழும்பு கட்டி நிற்கும்.

இங்கே வர வேண்டுமென்றால் வெளிநாட்டுப் பட்டத்துக்கான தகுதிச் சான்று, நாவ்லே (NAVLE) என்ற கால்நடை மருத்துவர் உரிமத் தேர்வு, பிறகு மாநில உரிமம். வருடங்களும் பணமும் பிடிக்கும். அதற்கு முன்னால் ரெண்டு வருடம் ஊரில் வேலை செய்துவிட்டு வா. இங்கே எல்லாமே கூட்டக் கணக்கு. ஒரு மாட்டை ஒரு வீட்டின் முகமாகப் பார்க்க ஊரில்தான் பழக முடியும்.


வாழப்பாடிப் பொண்ணு:

டாக்டரம்மா, அண்ணா, ஐயா, மூன்று பேருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அப்பாவுக்கு இதை முழுக்கப் படித்துக் காட்டினேன். முறிந்த கொம்பு மாடு ரெண்டு வாளி தண்ணீர் குடித்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "நம்ம செவலையை வித்தப்போ நான் லாரி வரைக்கும் போகலை கண்ணு" என்றார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

இன்று காலை ஒரு மடி நோய்க் கேஸ். ஒரு காம்பு மட்டும் வீங்கியிருக்கிறது, பாலில் திரி திரியாக வருகிறது. மாடு தீனி தின்கிறது, காய்ச்சல் 101.8 தான். வீட்டுக்கார அம்மாவே தெர்மாமீட்டரைப் படித்தார். டாக்டர் பால் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்கிறார். நாளைக் காலைக் கறவையில் நான் எடுக்க வேண்டும். இதுவரை கையால் எடுத்ததில்லை. சொல்லித் தருவீர்களா?


நாகலூர் காப்பிக்காடு:

டாக்டரம்மா, எனக்கும் ஒரு பதில் சொல்லுங்க. பாட்டிலைத் தூக்கிப் போட்டுட்டு ஐப்பசி மழையில கன்னு இழுத்தா என்ன பண்றது?


மாட்டு டாக்டரம்மா:

ஐயா, உங்கள் மலையில் நான் மூன்று வருடம் இருந்தவள். உங்கள் கஷ்டம் தெரியும். ஒன்று கேட்கிறேன், குளிர் வந்ததும் கன்றுக் கொட்டாயைத் தார்ப்பாயால் நாலு பக்கமும் இறுகக் கட்டுவீர்கள்தானே? செம்மநத்தத்திலும் வேலக்காட்டிலும் நான் பார்த்த சளிக் கன்றுகளில் முக்கால்வாசி அப்படிக் கட்டிய கொட்டாய்க்குள்தான் இருந்தன. மூத்திர வாடை உள்ளேயே நின்று நுரையீரலை அரிக்கிறது. ராத்திரி விளக்கோடு உள்ளே போய்க் கன்று உயரத்துக்குக் குந்திப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் கன்றுக்கும் எரிகிறது. காற்று வரும் பக்கம் மட்டும் அடைத்து, எதிர்ப்பக்கம் கூரைக்குக் கீழே ஒரு முழம் திறந்து விடுங்கள். அடியில் காய்ந்த சருகை முழங்கால் புதையப் போடுங்கள், காப்பிக்காட்டில் சருகுக்கா பஞ்சம்? கன்று பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் வயிற்றுக்குள் போக வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கன்று எடையில் பத்தில் ஒரு பங்கு, 25 கிலோக் கன்றுக்கு இரண்டரை லிட்டர், முதல் நாளுக்குள் கொடுத்துவிடுங்கள்.

பாட்டில் இருந்த அலமாரியில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். 103-ஐத் தாண்டி மூச்சும் வாங்கினால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் போடுங்கள். வண்டி ஏற முடியாத நாளென்றால் உங்கள் மருந்தக டாக்டரைப் போனில் பிடித்துச் சூட்டையும் மூச்சு எண்ணிக்கையையும் சொல்லுங்கள். ஊசிதான் என்று அவர் முடிவு செய்தால், எந்த மருந்து, எத்தனை மில்லி, எத்தனை நாள் என்று கேட்டுச் சுவரில் எழுதிக்கொண்டு போடுங்கள். அது குற்றமில்லை. ஒரு நாள் போட்டுவிட்டுக் கன்று எழுந்ததும் மீதியை வைத்துவிடுவதுதான் கூடாது.

கண்ணு, இப்போது உனக்கு. நாளைக்கு மாதிரி எடுக்கும் வரை அந்த மடியில் எந்த ஆன்டிபயாடிக்கும் ஏறக் கூடாது. ஏறினால் கிருமி வளராது, பரிசோதனை வீண். மாடு தின்கிறது, காய்ச்சல் இல்லை என்பதால்தான் இப்படிக் காத்திருக்கலாம். ராத்திரிக்குள் சூடு ஏறினாலோ தீனியை விட்டாலோ டாக்டரிடம் சொல்லி அப்போதே மாதிரி எடுத்துவிட்டு வைத்தியத்தை ஆரம்பித்துவிடு. அதுவரைக்கும் அந்த அம்மாவுக்குக் கையில் ஒரு வேலை கொடு. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மூன்றையும் அரைத்து, மடியைக் கறந்து கழுவிவிட்டு நீர்க்கத் தடவச் சொல். ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்துத் தடவை, ஐந்து நாள். தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி செப்பம் செய்து பரப்பிய முறை இது. தடவித் தடவிக் கறப்பதிலேயே திரி வெளியேறி மடிக்குப் பாதி ஆறுதல் கிடைப்பதை நான் நிறைய வீட்டில் பார்த்திருக்கிறேன்.

காலையில் மாதிரி எடுக்கும்போது மடியைக் கழுவி ஈரம் போகத் துடை. ஈரமாக இருந்தால் அழுக்குத் தண்ணீர்தான் குப்பிக்குள் சொட்டும். உன் கையையும் கழுவு. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் காம்பு நுனியைத் துடை, பஞ்சு வெள்ளையாகவே திரும்பும் வரை. முதல் மூன்று பீய்ச்சலை வேறு பாத்திரத்தில் விடு, தரையில் விடாதே, அந்தக் கிருமி அடுத்த மாட்டுக்குப் போகும். குப்பியின் மூடியை உள்பக்கம் கீழே பார்க்கும்படி சுண்டுவிரலில் பிடித்துக்கொள், எங்கும் வைக்காதே. குப்பியைச் சாய்த்துப் பிடித்துப் பக்கவாட்டில் பீய்ச்சு. நேராகப் பிடித்தால் மடியிலிருந்து முடியும் தூசியும் உள்ளே விழும். ஐந்து மில்லி போதும். எந்தக் காம்பு, எந்த மாடு, என்ன தேதி என்று உடனே குப்பியில் எழுது. ஐஸ் போட்ட டப்பாவில் வைத்துச் சேலத்தில் இருக்கிற கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அன்று முற்பகலே கொண்டுபோய்க் கொடுத்துவிடு. கிருமி வளர ஒரு நாள், எந்த மருந்து அதைக் கொல்கிறது என்று, மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை அளந்து பார்க்க இன்னொரு நாள். அந்த அம்மாவிடம் மூன்றாம் நாள் காலை வருகிறேன் என்று சொல்லி வை. சுண்ணாம்புக்கட்டி ஒன்று பையில் இருக்கட்டும்.